செத்துப்போன கேமராவை வாங்குங்கள்!

யாராவது கொஞ்சம் ஏடாகூடமாகப் பேசினால், "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று சொல்வது மலேசியாவில் எல்லா இனத்தாருக்கும் பொதுவான கேலி. 1911இல் அங்கே மனநல மருத்துவமனை திறந்ததிலிருந்து ஊரின் பேர் அப்படி ஆகிவிட்டது. இன்று அதற்கு ஹோஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா என்று பெயர். அந்தக் கேலியைக் கேட்டுக் கேட்டு ஊர்க்காரர்களுக்குக் காது புளித்துவிட்டது. இருந்தும் இந்தக் கட்டுரை சொல்லப்போவதைக் கேமரா தெரிந்த ஒருவரிடம் போய்ச் சொன்னால், அதே கேலிதான் பதிலாக வரும். ஈப்போ வட்டாரத்தில், பழைய தோட்டங்களைச் சுற்றியுள்ள தாமான்களில் வாழும் ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ புகைப்படம் கற்றுக்கொள்ள முதல் கேமரா வாங்குவதென்றால், இப்போதும் உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர்தான் வாங்க வேண்டும். அதையும் பழசாகவே வாங்க வேண்டும். இது பழைமை மோகத்தில் சொல்வதல்ல. கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்வது.

டிஎஸ்எல்ஆர் செத்துவிட்டது என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். 2003இல் கேனன் ஈஓஎஸ் 300டி ஆயிரம் அமெரிக்க டாலருக்குக் கீழே வந்தபோதுதான் இந்த வகைக் கேமரா சாதாரண மனிதர் கைக்கு எட்டத் தொடங்கியது. 2012இல் உலகம் முழுக்க 16 மில்லியனுக்கும் அதிகமான டிஎஸ்எல்ஆர்கள் அனுப்பப்பட்டன. அதுதான் உச்சம். அப்புறம் கைப்பேசி ஒரு பக்கம், உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா மறுபக்கம் என்று இரண்டும் சேர்ந்து அதை அரித்தன. 2020இல் மிரர்லெஸ் எண்ணிக்கை டிஎஸ்எல்ஆரைத் தாண்டியது. 2023இல் டிஎஸ்எல்ஆர் 1.2 மில்லியன் அளவுக்குச் சுருங்கிவிட்டது. 2020இல் வந்த ஈஓஎஸ் 1டிஎக்ஸ் மார்க் 3தான் தங்களுடைய கடைசி உயர்தர டிஎஸ்எல்ஆர் என்று கேனன் தலைவரே 2021 இறுதியில் சொல்லிவிட்டார். தொடக்கநிலைக்காரர்களுக்கென்று நிக்கான் செய்துவந்த டி3500, டி5600 இரண்டும் நின்றுபோயின. பெந்தாக்ஸ் இன்னும் பிடிவாதமாகச் செய்துகொண்டிருக்கிறது. வாங்குகிறவர் முன்னால் இதை யாரும் மறைக்கத் தேவையில்லை. விலை இறங்கியதற்கே இதுதான் காரணம்.

ஒரு வருடத்தில் 16 மில்லியன் போன பொருள் காற்றில் கரைந்துவிடாது. அவற்றில் ஒரு பகுதி, சில நூறு படம் எடுத்ததோடு ஆசை தீர்ந்துபோன வீடுகளின் அலமாரிகளில் கிடக்கிறது. ஏதோ ஒரு நாள் வீட்டைக் காலி செய்யும்போது அது விற்பனைக்கு வரும். இந்நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி ஆனது. இன்று புதிதாக ஒரு மிரர்லெஸ் கேமராவை லென்ஸோடு வாங்கினால் அந்த ஒரு மாதச் சம்பளம் பத்தாது. அதே சம்பளத்தில் பாதிக்குள் பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றும் கூடவே ஒரு லென்ஸும் அமையும். இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. புதுக் கேமராவின் விலை முதல் இரண்டு வருடத்தில் சரசரவென்று இறங்கும். பத்து வயதான கேமரா இறங்க வேண்டிய தூரமெல்லாம் முன்னமே இறங்கிவிட்டது. ஒரு வருடம் வைத்திருந்து, இது நமக்கு ஒத்துவராது என்று விற்றால், போட்டதில் பெரும்பகுதி திரும்பக் கைக்கு வரும். புகைப்படம் பழக ஆரம்பிக்கிற எல்லோரும் அதில் நிலைப்பதில்லை. நிலைக்காமல் போனாலும் கையைக் கடிக்காத வாங்கல்தான் முதல் வாங்கலாக இருக்க வேண்டும். 'இப்போது எடு, பிறகு கட்டு' என்று தவணைக்காரர்கள் ஆசை காட்டுகிற காலத்தில் இதை இரண்டு தடவை சொன்னாலும் தப்பில்லை.

சரி, எதை எடுக்கப் போகிறோம்? கேமரா வாங்குவதைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்பதேயில்லை. மெகாபிக்சலில் தொடங்கி மெகாபிக்சலிலேயே முடிந்துவிடும். கிந்தா பள்ளத்தாக்கில் எடுக்க என்ன இருக்கிறது என்று பார்த்தால் சுண்ணாம்பு மலைகள், குகைக் கோயில்கள், ஈயச் சுரங்கம் விட்டுப்போன குட்டைகளில் வந்து இறங்கும் கொக்குக் கூட்டம், 1917இல் கட்டி முடித்த ஈப்போ ரயில் நிலையம் என்று சுற்றுலாத் துறையின் பட்டியல் நீளமானது. அதையெல்லாம் எடுக்க ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். எடுக்க ஆளில்லாதது வேறு. கித்தாத் தோட்டங்கள் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புத் திட்டங்களாகி, லயத்து மக்கள் தாமானுக்கும் மலிவு அடுக்குமாடிக்கும் இடம்பெயர்ந்து ஒரு தலைமுறை முடிந்துவிட்டது. பால்மரம் வெட்டிய கைகள் எழுபது, எண்பது வயதில் இன்னும் நம்மோடு இருக்கின்றன. தோட்டம் போன பிறகும் இடம் மாறாமல் நிற்கிற மாரியம்மன், முனீஸ்வரர் கோயில்கள் சில உண்டு. இவர்களையும் இவற்றையும் நின்று நிதானமாக எடுத்துவைத்தவர்கள் குறைவு.

தோட்டத் தமிழருக்கும் கேமராவுக்கும் இருந்த உறவே கொஞ்சம் விசித்திரமானது. மலாயாவில் 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் படம் ஒட்டிய அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. லயத்தில் வாழ்ந்த பலருக்கு அவர்கள் வாழ்நாளின் முதல் படமே அதுவாக இருந்திருக்கக்கூடும். போலீசுக்காக எடுத்த படம். அதற்கு முந்தைய காலத்துத் தோட்டப் படங்களில் துரைமார் நாற்காலியில் இருப்பார்கள், வெட்டுக்காரர்கள் பின்னால் வரிசையாக நிற்பார்கள். பேர் எழுதியிருப்பது நாற்காலிக்காரர்களுக்கு மட்டும். பத்து காஜாவில் கெல்லி மாளிகை பார்க்கப் போகிறவர்கள், அந்த மாளிகையின் துரை கெல்லி ஸ்மித் தம் தொழிலாளருக்குக் கட்டிக்கொடுத்த மாரியம்மன் கோயிலின் கூரையில் அவர் உருவமும் சிலையாக நிற்பதைப் பார்த்திருக்கலாம். துரைக்குச் சிலை இருக்கிறது. அந்தக் கட்டடத்துக்குச் செங்கல் சுமந்தவர்களின் முகம் எங்கே இருக்கிறது? இன்றைக்கு எழுபது எண்பதைத் தொட்டவர்கள் விஷயத்திலாவது அந்தக் கேள்வி மறுபடி எழாமல் பார்த்துக்கொள்ள முடியும். முதல் கேமராவுக்கு இதைவிடப் பெரிய வேலை வேறு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அந்த வேலைக்கு என்ன கருவி வேண்டும் என்று பார்ப்பதுதான் நியாயம்.

வெளிச்சத்திலிருந்து தொடங்குவோம். சாயங்கால பூஜை நேரத்தில் ஒரு சின்னக் கோயில் மண்டபம். ஒரு குழல்விளக்கு, நாலைந்து எண்ணெய் விளக்கு. வீட்டுக்கூடத்தின் இரவு வெளிச்சம்தான் அங்கேயும் இருக்கும். கேமராவோடு வருகிற 18-55 மி.மீ. லென்ஸை முழுதாக இழுத்து 55இல் வைத்தால் அதன் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. ஒளியுணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓவை 1600இல் வைத்தாலும் ஷட்டர் ஏறத்தாழ 1/15 நொடி திறந்திருந்தால்தான் படம் தேறும். அந்த நேரத்துக்குள் ஆரத்தித் தட்டு நகர்ந்துவிடும்; பாட்டியின் கை மங்கலாகத்தான் விழும். லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். அது எடுப்பவர் கை நடுங்குவதைத்தான் சமாளிக்கும், எடுக்கப்படுகிறவர் அசைவதை அல்ல. இப்போது அந்த லென்ஸைக் கழற்றிவிட்டு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை மாட்டுங்கள். உள்ளே வரும் வெளிச்சம் ஒன்பது பத்து மடங்கு கூடுகிறது. ஷட்டர் 1/15இலிருந்து 1/150க்குப் போய்விடும். தட்டு நிற்கும், சுடரும் நிற்கும், பாட்டியின் கண்ணும் தெளிவாக விழும். கேமரா மாறவில்லை, லென்ஸ்தான் மாறியது. கேனனில் இந்த 50 எஃப் 1.8தான் லென்ஸ்களிலேயே மலிவு. 2015இல் வந்த எஸ்டிஎம் வகை அதிக ஓசையில்லாமல் வேலை செய்யும். யோங்நுவோ என்ற சீன நிறுவனத்தின் நகல் அதைவிட மலிவு. நிக்கானில் 2009இல் வந்த 35 மி.மீ. எஃப் 1.8 அதே வேலையைச் செய்யும். மூவாயிரம் வெள்ளிக்குப் புதுக் கேமரா வாங்கிக் கூடவே வரும் லென்ஸோடு நின்றுவிடுகிறவரைவிட, எண்ணூறு வெள்ளியில் பழைய கேமராவும் இந்த லென்ஸும் வைத்திருப்பவர் அந்த மண்டபத்தில் நல்ல படத்தோடு திரும்புவார். என் வாதத்தின் மையம் இதுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

50இலும் குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். இந்தக் கேமராக்களின் சென்சார் பழைய ஃபிலிம் அளவைவிடச் சிறியது. அதனால் 50 மி.மீ. லென்ஸ் 80 மி.மீ. போலப் பார்க்கும். முகத்துக்கு அருமை. ஆனால் லயத்து வீட்டின் முன்கூடத்தில் முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் போனாலும் ஆள் முழுதாக அடங்க மாட்டார். அங்கே 18-55ஐ 18இல் வைத்து, சன்னல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டியதுதான். இரண்டும் இருக்கட்டும், மூன்றாவதைப் பற்றி ஒரு வருடத்துக்கு யோசிக்க வேண்டாம்.

"கைப்பேசி இருக்கும்போது கேமரா எதற்கு?" என்பது முதல் எதிர்க்கேள்வி. நியாயமானதுதான். குடும்பப் புலனக் குழுவில் போடுவதற்கு மட்டும் படம் எடுப்பவர் ஒரு வெள்ளிகூடச் செலவழிக்க வேண்டியதில்லை. இன்றைய கைப்பேசி இருட்டில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்துத் தருகிற படம், அசையாத கோபுரத்துக்கு அற்புதமாகவே இருக்கும். ஆள் அசைந்தால் அந்த வித்தை தடுமாறும், ஏனென்றால் நடுத்தர விலைக் கைப்பேசியின் சென்சார் டிஎஸ்எல்ஆர் சென்சாரின் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். இதைவிட முக்கியமானது, கைப்பேசியில் முடிவெடுப்பது நாம் அல்ல. நிழல் எவ்வளவு இருண்டிருக்கலாம், தோல் எந்த நிறத்தில் இருக்கலாம் என்று எங்கேயோ உட்கார்ந்திருக்கும் ஒரு நிரல் தீர்மானிக்கிறது. நம்மவர் முகத்தின் கருப்பை வெளுத்துத் தருவதை 'அழகூட்டல்' என்று அது நினைத்துக்கொள்கிறது. துவாரம், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றையும் தன் விரலால் திருப்பி, தப்பாய் எடுத்து, ஏன் தப்பு என்று கண்டுபிடிக்கிறவருக்குத்தான் வெளிச்சம் பிடிபடும். அதற்குப் பித்தான்களும் சக்கரமும் உள்ள ஒரு கருவி வேண்டும்.

அடுத்த ஆட்சேபம் கனமானது. பித்தானும் சக்கரமும் மிரர்லெஸ்ஸிலும்தானே இருக்கின்றன, எதிர்காலம் அதுதானே, சாகிற குதிரையில் ஏன் பணம் கட்ட வேண்டும்? மிரர்லெஸ்ஸின் மேன்மைகள் உண்மையானவை. அது கண்ணைத் தேடிப்பிடித்துக் குவியும். எடுக்கப்போகும் படம் எவ்வளவு வெளிச்சமாய் வரும் என்பதை முன்கூட்டியே காட்டும். காணொளியில் அதற்கு நிகரில்லை. பணம் ஒரு பொருட்டில்லாதவர்கள் அதையே வாங்கட்டும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'எதிர்காலம்' என்ற சொல்லை லென்ஸோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1987இலிருந்து கேனன் செய்த ஈஎஃப் லென்ஸ்கள் எல்லாம் இன்றைய கேனன் மிரர்லெஸ்ஸில் ஓர் இணைப்பு வளையத்தோடு குறையில்லாமல் வேலை செய்கின்றன. நாளைக்கு மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும் இன்றைக்கு வாங்கிய 50 வீணாகாது. வெளிச்சத்தை முன்கூட்டிப் பார்ப்பதா, டிஎஸ்எல்ஆரிலும் பின்திரையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்றை விளம்பரங்கள் மெதுவாகத்தான் சொல்கின்றன. நிக்கான் டி3500 ஒரு தடவை மின்னேற்றினால் 1,550 படம் எடுக்கும் என்று அளந்திருக்கிறார்கள். கேனனின் புது மிரர்லெஸ் ஆர்50, அதே அளவுகோலில் 400ஐத் தொடாது. தைப்பூசத்தன்று விடியலில் புந்தோங்கில் புறப்படும் காவடிகளோடு நடந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயில் வரை போகிறவருக்கு இந்த வித்தியாசம் மத்தியானத்துக்குள் புரிந்துவிடும்.

எந்தக் கேமரா என்று கேட்டால், இந்த ஊர்ச் சந்தையில் சுலபமாகக் கிடைப்பவற்றில் கேனன் 600டி (2011), 700டி (2013), 200டி (2017), நிக்கானில் டி3300 (2014), டி5300 (2013). கேனன்களில் 200டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். எடை குறைவு, பின்திரையில் பார்த்து எடுக்கும்போதும் வேகமாகக் குவியும், காணொளிக்கும் உதவும். 600டியின் 18 மெகாபிக்சலைக் குறைவு என்று நினைக்க வேண்டாம், அதை ஏ3 தாளில் தாராளமாக அச்சுப் போடலாம். நிக்கானில் ஒரு பொறி இருக்கிறது. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் குவியவைக்கும் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஏஎஃப்-டி லென்ஸை வாங்கி மாட்டினால் கையால்தான் திருப்பிக் குவிக்க வேண்டும். ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். கேனனில் இந்தத் தொல்லை இல்லை. புதியவருக்கு என் ஓட்டு கேனனுக்கு விழுவது இதனால்தான். படத் தரத்தில் இரண்டுக்கும் சண்டை போடும் அளவுக்கு வித்தியாசம் கிடையாது.

"பழசு வாங்கி ஏமாந்துபோனால்?" ஏமாறலாம்தான். ஆனால் பழைய கேமராவின் குறைகள் கண்ணுக்குத் தெரியக்கூடியவை, பார்க்கத் தெரிந்தால் போதும். இந்நாட்டில் முதல் எதிரி பூஞ்சை. கிந்தா பள்ளத்தாக்கில் சாயங்கால மழை வழக்கம், இரவில் காற்றின் ஈரம் 90 விழுக்காட்டை எட்டும். பையில் வைத்து வருடக்கணக்கில் மறந்த லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்காவிட்டால்தான் ஆச்சரியம். லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து கைப்பேசி விளக்கைச் சாய்வாக அடித்து, மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி நூல்போலக் கிளை விட்டுப் படர்ந்த கோடு தெரிந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாலு தூசி இருந்தால் கவலையில்லை. பிறகு துவாரத்தை எஃப் 16க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சார் அழுக்கு கரும்புள்ளியாகத் தெரியும். அதைச் சுத்தம் செய்துகொள்ளலாம், பேரத்துக்கும் ஒரு பிடி கிடைக்கும். ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்பது நிக்கானில் படக் கோப்பிலேயே பதிந்திருக்கும். கேனனில் கணினியில் இணைத்துப் பார்க்க வேண்டும். இருபதாயிரம், முப்பதாயிரம் என்றால் கேமராவுக்கு இன்னும் இளமைதான். கைப்பிடியின் ரப்பர் உப்பியிருக்கிறதா, பிசுபிசுக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். கித்தா விளைந்த மண்ணில் கேமரா ரப்பர் நமக்கே வேலை வைப்பது ஒரு வேடிக்கை. முழுப் பணத்தையும் முன்கூட்டி அனுப்பிவிட்டுப் பொட்டலத்துக்குக் காத்திருக்கிற வேலை மட்டும் வேண்டாம். நேரில் போய், கையில் எடுத்து, சொந்த நினைவட்டையைப் போட்டு, இருபது படம் எடுத்துப் பார்த்த பிறகே காசு.

வாங்கிய பின் காப்பதும் விலையில் சேர்த்திதான். கேமராவைத் துணிப் பையிலோ தோல் பையிலோ போட்டு அலமாரியில் அடைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பது. மின்சார உலர்பெட்டி வாங்க வசதியில்லாவிட்டால், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலம், சின்ன ஈரமானி ஒன்று, இவ்வளவு போதும். ஈரம் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் சரி. ரொம்பவும் காயவிட்டாலும் ரப்பருக்கும் எண்ணெய்ப் பூச்சுக்கும் ஆகாது. எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரத்துக்கு ஒரு தடவையாவது வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

"கல்யாண வீடுகளில் நாலு காசு பார்க்கலாம் என்றுதான் கேமரா வாங்குகிறோம், இந்தப் பழசை வைத்துக்கொண்டு யார் கூப்பிடுவார்கள்?" என்று கேட்பவர்கள் நம் தாமான்களில் நிறைய. அவர்களுக்கு நேர்ப் பதில்: முதல் கேமராவோடு கல்யாணத்துக்குப் போகாதீர்கள். தாலி கட்டுவது ஒரே ஒரு தடவைதான் நடக்கும். இந்தத் தொடக்கநிலைக் கேமராக்களில் நினைவட்டைக்கு ஒரே இடம். அட்டை கெட்டால் கல்யாணமே போச்சு. நிக்கான் டி7000 போல இரண்டு அட்டை போடும் கேமரா, கையில் உபரியாக இன்னொன்று, ஃபிளாஷ் பழக்கம், இவையெல்லாம் வந்த பிறகு கூலி பேசலாம். அதுவரை ஒரு வருடம், கூலி இல்லாத படங்களே எடுக்கட்டும்.

அந்தக் கூலியில்லாப் படங்கள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஓர் உதாரணம் இருக்கிறது. மதுரையில் மீன் விற்ற தாயின் மகன் எம். பழனிக்குமார், உழைக்கும் பெண்களையும் துப்புரவுத் தொழிலாளர்களையும் தொடர்ந்து படம் எடுத்தவர். கையால் மலம் அள்ளும் கொடுமையைக் காட்டிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் அவரே. கிராமப்புற இந்தியாவைப் பதிவுசெய்யும் பாரி இதழோடு சேர்ந்து புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் நிறுவிய ஆவணப் புகைப்பட விருது முதன்முதலில் 2022இல் அவருக்குத்தான் கிடைத்தது. அவர் படங்களைப் பார்க்கிறவர்கள் எந்தக் கேமரா என்று கேட்பதில்லை, எப்படி இந்த மனிதர்கள் இவ்வளவு பக்கத்தில் விட்டார்கள் என்றுதான் கேட்பார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த வீட்டின் பிள்ளைக்கு அந்தப் பக்கத்து இடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும். கேட்காமல் எடுக்கக் கூடாது. அலகு குத்தி அருள் வந்து நிற்பவரின் முகத்துக்குள் லென்ஸை நீட்டக் கூடாது. தஞ்சோங் ரம்புத்தானின் அத்தனை பெரிய மருத்துவமனை வளாகம் அழகாகத்தான் இருக்கிறது, அதற்காக அங்கே சிகிச்சை பெறுகிறவர்கள் நம் படத்துக்குப் பொருள் ஆகிவிட மாட்டார்கள்.

ஆக, ஆயிரம் வெள்ளியை மேல்வரம்பாக வையுங்கள். கேனன் 200டி கிடைத்தால் அது, இல்லையென்றால் 600டி அல்லது 700டி, 50 மி.மீ. எஃப் 1.8 ஒன்று, உலர்டப்பா ஒன்று. மிச்சம் விழும் பணத்தை அடுத்த லென்ஸுக்கு எடுத்துவைக்காதீர்கள், அச்சுக்கு எடுத்துவையுங்கள். பால் வெட்டிய உங்கள் பாட்டியையோ பக்கத்து வீட்டுத் தாத்தாவையோ எடுத்த முதல் நல்ல படத்தை ஈப்போவில் அச்சுப் போட்டு, பின்னால் அவர் பேரும் அவர் வேலை செய்த தோட்டத்தின் பேரும் தேதியும் எழுதி, அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.